கண்குழியிற் குடியேறும் புற்றுநோய்



கண்ணிலே தோன்றும் நோய்களெல்லாம் கண்ணிலே பிறந்தவையல்ல. வேறோர் உறுப்பில் உண்டான புற்றுநோய், குருதிவழியே சென்று கண்குழியிற் குடியேறுவதுமுண்டு. வயதுவந்தோரில் இது பெரும்பாலும் மார்பகத்திலிருந்து வருகின்றது. நுரையீரல், புரோஸ்டேட் சுரப்பி என்பவற்றிலிருந்தும் வரலாம்.

ஒரு பொருள் இரண்டாகத் தெரிதல், விழி முன்தள்ளுதல், இமை சரிதல், நோவு, பார்வை மங்குதல் என்பன சில வாரங்களுக்குள்ளேயே தோன்றக்கூடும். மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையிலோ, விழி உட்குழிகின்றது. பரவிய கட்டி நார்போற் சுருங்கி விழியைப் பின்னிழுப்பதே அதற்குக் காரணம். முதுமையாற் கண் குழிந்தது என்று வாளாவிருத்தல் தவறு.

வைத்தியரிடம் பழைய நோய்களை மறையாது கூறுங்கள். பல்லாண்டுகளுக்கு முன் குணமான மார்பகப் புற்றுநோயும் இங்கே முக்கியமானது. சீ. ரி., எம். ஆர். ஐ. படங்கள் கட்டியின் இடத்தைக் காட்டும். ஐயமிருப்பின், சிறு இழையத்துண்டொன்றை எடுத்து நுணுக்குக்காட்டியால் ஆராய்வர். தமக்குப் புற்றுநோய் இருப்பதைச் சிலர் முதன்முதலில் அறிவதே இவ்வாறுதான்.

கட்டியை வெட்டியகற்றுதல் பெரும்பாலும் நோக்கமன்று. நோய் ஏனைய இடங்களிலும் பரவியிருக்குமன்றோ? கதிர்ச் சிகிச்சை நோவைத் தணித்துப் பார்வையைக் காக்க உதவும். உடலெங்குமுள்ள நோயை அடக்க மருந்துகள் உண்டு. மார்பக, புரோஸ்டேட் புற்றுநோய்களுக்கு ஓமோன் சிகிச்சையும் பயன்படலாம்.

முற்றாகக் குணமாதல் அரிது. ஆயினும், நோவின்றி உறங்குவதும், பிள்ளைகளின் முகத்தைத் தெளிவாகக் காண்பதும் சிறிய பேறுகளா? காலந்தாழ்த்தாது செல்வோர்க்கே அவை பெரும்பாலும் வாய்க்கும்.