ஆர்ச் கேட்டுக்கு வெளியே யார் பொறுப்பு? திணறும் காடாம்புலியூர் ரோடு!

பண்ருட்டியிலிருந்து நெய்வேலி போகிற வழியில் காடாம்புலியூரில் முந்திரி வாங்க வண்டியை ஓரங்கட்டியிருக்கிறீர்களா? பின்னால் வரும் பஸ்ஸின் ஹாரன் சத்தத்தில் பேரம் பேசுவதே மறந்துபோகும்.

விக்கிரவாண்டி - தஞ்சாவூர் தேசிய நெடுஞ்சாலை இது. சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் போகும் வண்டிகளோடு என்.எல்.சி-யின் கூட்டமும் இதில்தான் சேர்கிறது. 1956-ல் தொடங்கிய நிறுவனம், சுரங்கம் சுரங்கமாக, அனல் மின் நிலையம் அனல் மின் நிலையமாக வளர்ந்துகொண்டே போனது.

தோண்டுகிற பழுப்பு நிலக்கரியில் பெரும்பகுதி ரோட்டுக்கே வருவதில்லை. சுரங்கத்திலிருந்து கன்வேயர் பெல்ட்டிலேயே மின் நிலையத்துக்குப் போய்விடும். ஆனால், மனிதர்களுக்கு பெல்ட் கிடையாதே! ஷிஃப்டுக்கு டூவீலரில் விரையும் ஒப்பந்தத் தொழிலாளர்கள், உலர் சாம்பல் ஏற்றிய லாரிகள், தளவாடம் கொண்டுவரும் டிரெய்லர்கள் என எல்லாமே சுற்றுவட்டார ரோடுகளில்தான்.

நெய்வேலி நகரியத்துக்குள் போய்ப் பாருங்கள். வட்டம் வட்டமாகப் பிரித்து, மரம் வளர்த்து, அகலமாகப் போட்ட சாலைகள். ஆர்ச் கேட்டைத் தாண்டினால் கதையே வேறு. மெயின் ரோடு தேசிய நெடுஞ்சாலை என்றால், கிராமத்து ரோடு மாநில நெடுஞ்சாலைத் துறையிடமோ ஊராட்சியிடமோ இருக்கும். பள்ளம் விழுந்தால் யாரிடம் போய் நிற்பது?

நான்குவழிச் சாலைத் திட்டத்தை மூன்று பகுதியாகப் பிரித்தார்கள். சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையிலான 50 கிலோமீட்டரை 2025 ஜூலை 26-ம் தேதி தூத்துக்குடி விழாவில் பிரதமர் மோடி திறந்துவைத்தார். நெய்வேலியும் காடாம்புலியூரும் வருகிற விக்கிரவாண்டி - சேத்தியாத்தோப்பு பகுதிதான் வருடக்கணக்கில் இழுத்தடித்தது.

தாமதம் வெறும் எரிச்சலோடு முடிகிற விஷயமில்லை. 2020 ஜூலை 1-ம் தேதி இரண்டாம் அனல் மின் நிலையத்தில் பாய்லர் வெடித்து 6 பேர் அங்கேயே இறந்தார்கள். தீக்காயம்பட்டவர்களைச் சென்னைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. நெய்வேலிக்காரர்கள் வழக்கமாகச் சென்னைக்குப் போவது இந்த ரோட்டில்தான்.

நான்குவழி முழுமையானால் வண்டிகளின் வேகம் கூடும். முந்திரிக் கடையும் பலாப்பழக் குவியலும் ரோட்டோரத்திலேயே இருக்கும். சர்வீஸ் ரோடு எதுவரை, பள்ளிப் பிள்ளைகள் எங்கே ரோட்டைக் கடப்பது, தெருவிளக்கு யார் போடுவது? அடுத்த கிராம சபையிலேயே காடாம்புலியூர்க்காரர்கள் இதைக் கேட்டுத் தீர்மானமாக எழுதி வாங்கிவிடலாம்.