வெள்ளைக் கோடு கிழிசல் அல்ல

எரியோட்டு வாசகர் ஒருவர் மதுரையில் பழைய சாமான் கடையொன்றில் படம் வாங்கியிருக்கிறார். லண்டன் பத்திரிகைத் தாள். வேல்ஸ் இளவரசர் தர்பாரில் அமர்ந்திருக்கிறார். படத்தின் குறுக்கே மயிரிழை போல வெள்ளைக் கோடுகள். மடித்த தடமா, கிழிசலை ஒட்டியதா என்று கேட்கிறார்.

இரண்டும் இல்லை, அது மரக்கட்டைகளின் இணைப்பு.

பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னரான அந்த இளவரசர், 1875 டிசம்பரில் தூத்துக்குடியில் இறங்கி மதுரை, திருச்சி வழியாகச் சென்னை போனார். மதுரை–திருச்சி ரயில் பாதை திறந்ததே அந்த வருடம்தான். வடமதுரையைத் தாண்டித்தான் அவர் ரயில் போயிருக்க வேண்டும். 'இல்லஸ்ட்ரேட்டட் லண்டன் நியூஸ்' இந்தப் பயணத்துக்கென்றே வில்லியம் சிம்ப்சன் என்ற ஓவியரை அனுப்பியது. போட்டோ அப்போதே உண்டு. அதை ஈய எழுத்தோடு சேர்த்து அச்சடிக்கத்தான் வழியில்லை. எழுத்தின் உயரத்துக்கே அறுத்த மரக்கட்டையில் படத்தைச் செதுக்கி, பக்கத்தில் எழுத்தோடு சேர்த்துப் பூட்டினார்கள்.

பாக்ஸ்வுட் என்ற மரம் அதற்கு உகந்தது. இழைத்த பலகையாக அல்ல, குறுக்கே அறுத்த வட்டின் முகத்தில் செதுக்குவார்கள். தலைமுடி கனத்துக்குக் கோடு விழும். ஆனால் மரம் பருக்காது. முழுப்பக்கப் படத்துக்கு ஒரு கட்டை போதாது. ஆகவே பல துண்டுகளைப் பின்பக்கம் திருகாணியால் முடுக்கி ஒரே கட்டையாக்கி, அதன்மேல் படத்தை இடம் வலம் மாற்றி வரைந்தார்கள். இணைப்பைத் தாண்டிப் போகும் கோடுகளை மட்டும் முதலில் செதுக்கிவிட்டு, திருகாணியைக் கழற்றித் துண்டுக்கு ஒரு ஆளாகக் கொடுத்துவிடுவார்கள். ஒருவருக்கு வானம், ஒருவருக்கு யானையின் கால், இன்னொருவருக்கு ராஜாவின் தலைப்பாகை. ராத்திரியோடு ராத்திரியாக வேலை முடியும். மறுபடி முடுக்கும்போது இம்மியளவு இடைவெளி விட்டாலும் அங்கே மை ஏறாது. அண்ணன் தம்பி பாகம் பிரித்த எங்கள் புன்செய்யில் வரப்பு தெரிவது போல, பங்கு போட்ட இடம் தாளில் தெரிந்துவிடும். தலைப்பாகையைச் செதுக்கியவர் இந்தியாவைப் பார்த்திருக்கவே மாட்டார் என்பதையும் மனதில் வையுங்கள்.

ஜப்பானியர் வழி வேறு. 1889 பிப்ரவரி 11 அன்று மெய்ஜி பேரரசர் அரசியல் சட்டத்தை வழங்கிய விழாவை ஓவியர் அதாச்சி கின்கோ மூன்று தாள்களில் தந்தார். செர்ரி மரப் பலகை, கத்தி, ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு கட்டை. அங்கே இணைப்பை யாரும் மறைக்கவில்லை; மூன்று தாளையும் அருகருகே வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கே என்ன நடக்கிறது? பழைய பத்திரிகைகளின் முழுத் தொகுதியை அறுத்துப் படங்களை மட்டும் உருவி, சாயம் தீட்டி, ஓரத்தை வெட்டிச் சட்டம் போட்டு விற்கிறார்கள். தேதியும் செதுக்கியவர் கையெழுத்தும் குப்பைக்கு. நம் ஊர் அச்சகங்களும் சளைத்தவையல்ல. ஆப்செட் அச்சு வந்ததும் பழைய படப் பிளாக்குகளை எடைக்குப் போட்டன.

எரியோட்டு நண்பரே, சட்டத்தைக் கழற்றித் தாளின் பின்பக்கத்தைப் பாருங்கள். செய்தி அச்சாகியிருந்தால் படம் எந்த வாரத்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஓரத்தை வெட்டாதீர்கள், கோட்டின் மேல் பசையும் தடவாதீர்கள்.