குழந்தையின் பல் சொத்தையைத் தடுக்க லேசர் தேவையா, ஃப்ளோரைடு போதுமா?

'பால் பல்தானே, எப்படியும் விழுந்துடும்' என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. ஆனால், 6 வயதையொட்டி பால் பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முளைக்கும் கடைவாய்ப் பல் நிலையான பல். அது போனால் போனதுதான். இந்திய பல் மருத்துவ கவுன்சில் 2002-03இல் நடத்திய தேசிய ஆய்வில், 5 வதினரில் 51.9%, 12 வயதினரில் 53.8%, 15 வயதினரில் 63.1% பேருக்குச் சொத்தை இருந்தது. பழைய கணக்குதான். ஆனாலும் 12 வயதில் எண்ணப்படுபவை பெரும்பாலும் விழாத பற்கள் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரி, கிளினிக்கில் 'ஃப்ளோரைடு வைக்கலாம், லேசரும் பண்ணலாம்' என்று சொன்னால் என்ன செய்வது?

இனிப்பைத் தின்னும் பாக்டீரியாக்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. அது பல்லின் மேற்பூச்சான எனாமலில் இருக்கும் கால்சியத்தைக் கரைக்கிறது. எச்சில் அதைத் திரும்பச் சேர்க்கிறது. கரைவது அதிகமானால் சொத்தை. ஃப்ளோரைடு இருந்தால் கால்சியம் வேகமாகத் திரும்பும், புதிதாகப் படியும் எனாமலும் அமிலத்துக்கு எளிதில் கரையாது.

பல் மருத்துவர் பிரஷ்ஷால் தடவும் ஃப்ளோரைடு வார்னிஷ் சில நிமிட வேலை, வலிக்காது. வழக்கமாக 6 மாதத்துக்கு ஒருமுறை, சொத்தை வாய்ப்பு அதிகமென்றால் 3 மாதத்துக்கு ஒருமுறை. 12,455 குழந்தைகளிடம் நடந்த 22 ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தது காக்ரேன் அமைப்பு. வார்னிஷ் வைத்தவர்களுக்கு நிலையான பற்களில் சொத்தை சராசரியாக 43%, பால் பற்களில் 37% குறைந்திருந்தது.

லேசருக்கு இந்த அளவு ஆதாரம் இல்லை. கார்பன் டை ஆக்சைடு, எர்பியம் வகை லேசர்களின் சூடு எனாமலில் எளிதில் கரையும் கார்பனேட்டைக் குறைக்கிறது. அதன்மேல் ஃப்ளோரைடும் வைத்தால் பலன் கூடும் என்பது கணிப்பு. பிடுங்கிய பற்களை வைத்து ஆய்வகத்தில் செய்த சோதனைகள் நம்பிக்கை தருகின்றன. குழந்தைகளிடம் நடந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், முடிவுகளும் ஒரே மாதிரி இல்லை. அளவு தப்பினால் எனாமலில் விரிசல் விழலாம். (சொத்தையைச் சுரண்டி எடுக்கவும் லேசர் உண்டு, அது வேறு விஷயம்.) பட்ஜெட் இடித்தால் லேசரைத் தயங்காமல் விடலாம், வார்னிஷை விடாதீங்க.

அதற்கு முன் ஒன்றைப் பார்க்க வேண்டும்: உங்கள் வீட்டுத் தண்ணீர். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃப்ளோரைடு வரை ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே இல்லாவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம். தெலங்கானாவின் நல்கொண்டா, ராஜஸ்தானின் பல மாவட்டங்கள், நம்ம தருமபுரி போன்ற இடங்களில் நிலத்தடி நீரில் இது மிஞ்சுகிறது. பல் உருவாகும் வயதில் அந்தத் தண்ணீரையே குடித்தால் வெள்ளைக் கோடுகள், பழுப்புக் கறை வரும். போர்வெல் தண்ணீர் என்றால் பரிசோதித்துவிட்டு, அந்த எண்ணை மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போதாவது வைக்கும் வார்னிஷைவிட, தினமும் விழுங்கும் தண்ணீரும் பேஸ்ட்டும்தான் இங்கே முக்கியம்.

பேஸ்ட்டில் 1000 பிபிஎம் ஃப்ளோரைடு வரை இந்தியாவில் அனுமதி. குழந்தைகளுக்கென விற்கும் சிலவற்றில் அது துளியும் இருக்காது, லேபிளைப் பாருங்கள். 3 வயது வரை அரிசியளவு, 6 வரை பட்டாணியளவு போதும். விளம்பரத்தில் பிரஷ் முழுக்க நெளிந்து கிடக்குமே, அவ்வளவு வேண்டாம். துலக்கியபின் துப்பினால் போதும், தண்ணீர் விட்டுக் கொப்பளித்தால் ஃப்ளோரைடும் கழுவிப் போய்விடும்.

ஏற்கெனவே குழி விழுந்திருந்தால் வார்னிஷ் மட்டும் போதாது. டிரில் இல்லாமல் அதை நிறுத்த சில்வர் டையமைன் ஃப்ளோரைடு என்ற சொட்டு மருந்து உண்டு. 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்ந்தது. சொத்தை இருந்த இடம் கறுப்பாகிவிடும், அந்தக் கறுப்பு போகாது. முன்பல் என்றால் யோசித்துச் சொல்லுங்கள்.