வயிற்றுக்கு ஒரு ‘ஆல்டரேஷன்’!

ஜாக்கெட் லூஸாகி விட்டால் டெய்லரிடம் கொடுத்துப் பிடிக்கச் சொல்கிறோம். உடம்பே லூஸாகி விட்டால்?

எனக்கு அப்படித்தான் ஆனது. மூன்று வருஷத்தில் 98 கிலோவிலிருந்து 64 கிலோவுக்கு இறங்கினேன். எப்படி என்பது தனிக் கதை. (சுருக்கமாக: சோறு பாதி, நடை இரண்டு மடங்கு, கல்யாணப் பந்திகளில் இலையைப் பார்த்து விட்ட பெருமூச்சுகளுக்குக் கணக்கில்லை.) போன 34 கிலோ எங்கே போனதென்று தெரியவில்லை. ஆனால், அது இத்தனை வருஷம் குடியிருந்த பை மட்டும் அப்படியே இருந்தது, காலி பண்ணின வாடகை வீடு மாதிரி! தொப்புளுக்குக் கீழே தோல் மடிந்து, தொடை வரைக்கும் தொங்கியது.

“எக்சர்சைஸ் பண்ணுங்க, சரியாயிடும்” என்று சொல்லாத ஆளில்லை. ஆகாது. எக்சர்சைஸில் கொழுப்பு கரையும், தசை இறுகும். பல வருஷம் இழுபட்டு, உள்ளே இருக்கிற மீள்தன்மை நார்கள் நைந்து போன தோல் சுருங்காது. பழைய பாவாடை எலாஸ்டிக்கை என்னதான் துவைத்துக் காயப்போட்டாலும் அது மறுபடி இறுகுமா?

இதை வெறும் அழகுப் பிரச்னை என்று நினைக்கிறவர்கள், மே மாசம் குரோம்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து ஆபீஸ் போகிற ஒரு பொம்பளையின் வயிற்று மடிப்புக்குள் ஒரே ஒரு நாள் இருந்து பார்க்க வேண்டும். வேர்வை, அரிப்பு, படை, அப்புறம் புண். பூஞ்சைக்குப் போடுகிற பவுடரை மாசம் இரண்டு டப்பா காலி பண்ணினேன். புடவைக் கொசுவத்தைத் தொங்கலுக்கு மேலே செருகுவதா, கீழே செருகுவதா என்று தினம் காலையில் எனக்குள் ஒரு பட்டிமன்றம். போதாக்குறைக்கு, இரண்டு பிரசவத்தில் வயிற்றின் நடுவே தசைகள் இரண்டு பக்கமும் விலகிப் போய், தொப்புளில் ஒரு ஹெர்னியா வேறு. எழுந்து உட்கார்ந்தால் நெல்லிக்காய் அளவுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

முதலில் நான் போனது ஒரு ஏ.சி. க்ளினிக். ரிசப்ஷனில் இருந்த பெண் டாக்டரைக் காட்டுவதற்கு முன்னால் இ.எம்.ஐ. அட்டையைக் காட்டினாள். “இடுப்பு பண்ணினீங்கன்னா மேல்கை பாதி ரேட்டு மேடம். இந்த மாசம் மட்டும்தான்.” ஆடித் தள்ளுபடி! ஜவுளிக் கடையில் கூட இரண்டாவது புடவையைப் பிரித்துக் காட்டுவார்கள். ஆபரேஷன் பண்ணப் போகிறவர் யார், என்ன படித்தவர் என்று கேட்டேன். “எல்லாம் சீனியர் டாக்டர்ஸ்தான் மேடம்” என்றாள். பெயர் வரவில்லை. எழுந்து வந்து விட்டேன்.

அடுத்து, எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி படித்த ஒரு டாக்டர். பெரிய ஆஸ்பத்திரி, ஐ.சி.யூ. இருக்கிற இடம். வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் என் மாமியார் கேட்ட முதல் கேள்வி: “ஏம்மா, வயித்துக்குள்ள பிளாஸ்டிக்கா வைப்பாங்க? நம்ம ஊரு வெயிலுக்கு உருகிடாது?”

சிரிக்காதீர்கள். பாதிப் பேருக்கு இந்தச் சந்தேகம் உண்டு. ‘பிளாஸ்டிகோஸ்’ என்றால் கிரேக்க மொழியில் வடிவம் கொடுப்பது, வார்ப்பது என்று அர்த்தம். கார்ல் வான் கிராஃபே என்கிற ஜெர்மன் டாக்டர் மூக்கு ஆபரேஷன் பற்றிய தன் புத்தகத்துக்கு ‘ரைனோபிளாஸ்டிக்’ என்று பெயர் வைத்தது 1818-ல். பேக்லைட் என்கிற பிளாஸ்டிக் பிறந்ததே 1907-ல்தான். ஆக, நம் வீட்டு பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு இந்த ஆபரேஷன் அக்கா முறை! மாமியார் எல்லாம் கேட்டுவிட்டு, “எதுக்கும் டாக்டர் கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடு” என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வேறு யோசனை. “கொழுப்பை உறிஞ்சற மெஷின் இருக்காமே... ஒரே நாள்ல வீட்டுக்கு வந்துடலாமாமே?” லைப்போசக்‌ஷனைச் சொல்கிறார். 1977-ல் பாரீஸில் இல்லூஸ் என்கிற டாக்டர் பிரபலமாக்கிய முறை. டாக்டரிடமே கேட்டார். டாக்டர் சொன்ன பதில் எனக்குப் பிடித்திருந்தது: “சார், மூட்டையில அரிசி இருந்தாத்தான் அள்ளலாம். இங்க சாக்குதானே மிச்சம்?” சாக்கை வெட்டித் தைக்கிற ஆபரேஷனும் புதுசில்லை. அமெரிக்காவில் ஹோவர்ட் கெல்லி என்கிற மகப்பேறு டாக்டர் 1899-லேயே ஒரு பெண்ணின் வயிற்றுத் தொங்கலை, ஏழு கிலோவுக்கு மேல், வெட்டி எடுத்திருக்கிறார்.

சரி, தேதி கொடுங்கள் என்றேன். தேதிக்குப் பதில் ஹோம்வொர்க் கொடுத்தார் டாக்டர்.

எடை ஆறு மாசம் ஏறாமல் இறங்காமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். மறுபடி இளைத்தால் மறுபடி தொங்கும். குண்டானால் தையலே வீண். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 9.4 இருந்தது. எடை குறைக்கிறேன் பேர்வழி என்று சாப்பாட்டைக் குறைத்த பெண்கள் பலருக்கும் இந்தக் கதிதான். இரும்புச் சத்து மாத்திரையோடு பத்து வாரம் போராடி 12-க்குக் கொண்டு வந்தேன். காயம் ஆறுவது புரதத்தை வைத்துத்தானாம். தினம் முட்டை, சுண்டல், பயறு, மீன். ஆஸ்பிரின், வைட்டமின் ‘ஈ’, மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை எல்லாம் ரத்தம் உறைவதைத் தாமதப்படுத்தக் கூடியவை என்பதால் இரண்டு வாரம் முன்னாடியே நிறுத்தல். கும்பகோணத்திலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய லேகியமும் அந்த லிஸ்ட்டில் சேர்ந்தது. “அதுல என்னென்ன இருக்கு?” என்றார் டாக்டர். அம்மாவிடம் போனில் கேட்டேன். “அதெல்லாம் உனக்கெதுக்கு, முழுங்கு” என்று பதில் வந்தது. எனவே தடை!

“வீட்டுல யாராவது சிகரெட்?” என்று அடுத்த கேள்வி. என் வீட்டுக்காரர் கூரையைப் பார்த்தார். “ஆபரேஷன் எனக்கில்லையே டாக்டர்?” நிகோடின் நுண்ணிய ரத்தக் குழாய்களைச் சுருக்கி விடும். இந்த ஆபரேஷனில் தோலைப் பெரிய பரப்புக்குக் கிளப்பி, இழுத்துத் தைக்கிறார்கள். அதன் ஓரத்துக்கு ரத்தம் போவதே இழுபறிதான். புகை சேர்ந்தால் ஓரம் கறுத்துச் செத்துப் போகலாம். பிடிக்கிறவருக்குத்தான் ஆபத்து அதிகம். “ஆனா, அவங்க பக்கத்துல நின்னு நீங்க ஊதறதும் வேண்டாமே” என்றார் டாக்டர். அவர் மொட்டை மாடிக்குக் குடிபெயர்ந்தார். கொசு கடித்ததில் பாதி சிகரெட் தானாகக் குறைந்தது.

மாசத்தையும் பார்த்துக் குறித்தோம். ஆபரேஷனுக்கப்புறம் ஆறு வாரம், மார்புக்குக் கீழிருந்து தொடை வரை இறுக்கிப் பிடிக்கிற உடுப்பை ராத்திரி பகலாகப் போட வேண்டும். சித்திரை வெயிலில் நடக்கிற காரியமா? பொங்கல் முடிந்து நாலாம் நாள் என்று முடிவானது.

நடுவில் ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. 2022 மே மாசம் பெங்களூரில், கொழுப்பு நீக்குகிற ஆபரேஷனுக்குப் போன 21 வயது கன்னட டி.வி. நடிகை இறந்து போன செய்தி ஞாபகத்தில் சுற்றிக் கொண்டே இருந்தது. பெரியவள் ப்ளஸ் டூ. சின்னவன் எட்டாவது. மறுநாள் டாக்டரிடம் நேராகவே கேட்டேன்: “நான் செத்துப் போகறதுக்கு சான்ஸ் உண்டா?”

அவர் சிரிக்கவில்லை. “உண்டு. ரொம்பக் குறைவு, ஆனா உண்டு” என்றார். மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஒரு கால் படம் வரைந்தார். அசையாமல் கிடந்தால் கால் நரம்பில் ரத்தம் கட்டியாக உறையலாம். அது கழன்று நுரையீரலுக்குப் போய் அடைத்தால் ஆபத்து. அதைத் தடுக்க ஆபரேஷன் சமயத்திலேயே காலைப் பிசைந்து விடுகிற காற்று உறை, இறுக்கமான சாக்ஸ், ஊசி, எல்லாவற்றுக்கும் மேலே அன்றைக்கே எழுந்து நடப்பது. “அன்னிக்கு நடக்க முடியாதுன்னு அழுவீங்க. நான் விட மாட்டேன்” என்றார். அன்று ராத்திரி தூங்கினேன். ‘ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க’ என்று மட்டும் சொல்லியிருந்தால் தூங்கியிருக்க மாட்டேன்.

பணம்? இன்ஷூரன்ஸ் கம்பெனி (பெயர் வேண்டாம்) ‘அழகு சிகிச்சைக்குப் பணமில்லை’ என்று ஒரே வரியில் முடித்து விட்டது. பாலிசியில் அப்படி ஒரு விலக்கு பொடி எழுத்தில் இருக்கத்தான் இருக்கிறது. படைக்கும் புண்ணுக்கும் எடுத்த போட்டோ, தோல் டாக்டர் சீட்டு எல்லாம் வைத்து மூன்று கடிதம் எழுதினேன். ஹெர்னியா தைத்த வகையில் மட்டும் ஒரு தொகை வந்தது. மிச்சத்துக்கு என் வளையல்கள் பேங்க்குக்குப் போயின. சொந்தக்காரர்களுக்கும் அதே ஹெர்னியாதான் போய்ச் சேர்ந்தது. அது என் வீட்டுக்காரர் ஏற்பாடு. “பொய்யில்லையே, இருக்கே!” என்றார்.

ஆபரேஷன் அன்று காலையில் நிற்க வைத்து, நீலப் பேனாவால் வயிற்றில் கோடு போட்டார் டாக்டர். நிற்கும்போதுதான் தோல் எங்கே தொங்குகிறதென்று தெரியுமாம், படுத்தால் ஏமாற்றிவிடும். அசல் டெய்லர்! நாலு மணி நேரம். இடுப்பு எலும்பிலிருந்து இடுப்பு எலும்பு வரை கீறி, தோலைக் கிளப்பி, விலகின தசைகளை நடுவில் சேர்த்துத் தைத்து, ஹெர்னியாவை அடைத்து, தோலைக் கீழே இழுத்து மிச்சத்தை வெட்டி விட்டார்கள். தொப்புள் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். இழுத்த தோலில் புதுசாக ஓட்டை போட்டு, பட்டனை எடுப்பது போல் அதை வெளியே எடுத்துத் தைக்கிறார்கள். வெட்டியது 2 கிலோ 600 கிராம். “அந்தத் தோலை என்ன பண்ணாங்க?” என்றார் மாமியார். மஞ்சள் பையில் போட்டு எரித்து விடுவார்கள் என்றேன். “பாவம், அதுவும் உன் கூடத்தானே இருந்துச்சு” என்றார்.

சாயங்காலமே இரண்டு நர்ஸ் பிடித்துக்கொள்ள எழுந்தேன். நிமிர முடியாது; நிமிர்ந்தால் தையல் இழுக்கும். கேள்விக்குறி மாதிரி வளைந்து, 85 வயசுக் கிழவி நடையில் பத்து நாள். படுப்பதும் அப்படியே. தலைக்கு மூன்று தலையணை, முழங்காலுக்கடியில் இரண்டு. தும்மலைப் போல் ஒரு எதிரி உலகத்தில் கிடையாது. தும்மினாலும் இருமினாலும் தலையணையை வயிற்றில் அழுத்திக்கொள்ள வேண்டும். சிரித்தாலும்தான். என் தம்பி பார்க்க வந்து ஜோக் அடித்ததற்காக நர்ஸிடம் திட்டு வாங்கினான்.

வீட்டுக்கு வரும்போது வயிற்றிலிருந்து இரண்டு குழாய், குழாய் முனையில் மாதுளம்பழம் அளவுக்கு இரண்டு குடுவை. உள்ளே ஊறுகிற நீரை இழுத்துக்கொள்ள. மாமியார் குடுவையைத் தட்டிப் பார்த்து, “பாரு, பிளாஸ்டிக் வெச்சிருக்காங்களா இல்லையா!” என்றார்.

தினம் காலை, மாலை அளந்து நோட்டில் எழுத வேண்டும். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் என் மகள் எழுதினாள்: வலது 110 மில்லி, இடது 90 மில்லி. ஒரு நாளைக்கு முப்பதுக்குக் கீழே வந்தால்தான் கழட்டுவார்கள். வலது எட்டாம் நாள் பாஸ். இடது பதினோராம் நாள்.

இதற்கிடையில் சமையலறையில் ஒரு அதிசயம் நடந்தது. இருபது வருஷமாக எந்த விஷயத்திலும் ஒத்துப் போகாத என் அம்மாவும் மாமியாரும் கூட்டணி அமைத்தார்கள்! கட்சிக் கொள்கை: பத்தியம். “முட்டை போட்டா சீழ் புடிக்கும். பருப்பு போட்டா சீழ் புடிக்கும்.” கடைசியில் மிஞ்சியது ரசம் சாதமும் சுட்ட அப்பளமும். காயம் ஆற எது வேண்டுமோ, அதெல்லாம் தடை! டாக்டரையே போனில் பேச வைத்தேன். “அவருக்கு என்ன தெரியும், பெத்துப் பொழைச்சவரா?” என்றார் அம்மா. மகள்தான் வழி கண்டுபிடித்தாள். ரசத்தில் அவித்த முட்டையின் வெள்ளைக்கருவைப் பொடியாக நறுக்கிப் போட்டு, “பன்னீர் பாட்டி, பால்தான்” என்று விட்டாள். பத்தியம் காப்பாற்றப்பட்டது.

ஐந்தாம் நாள் காரணமே இல்லாமல் அழுகை வந்தது. கண்ணாடியில் பார்த்தால் வீங்கின முகம், கன்னிப் போன வயிறு. இதற்கா வளையலை அடகு வைத்தோம் என்று தோன்றியது. மயக்க மருந்து, வலி மாத்திரை, தூக்கமில்லாமை எல்லாம் சேர்ந்து இப்படிப் பண்ணும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொல்லியிருந்ததால் அழுகை நிற்கவில்லை. ஆனால் பயம் வரவில்லை.

பயம் வந்தது பன்னிரண்டாம் நாள். இடது ஆடுசதையில் வலி, லேசான வீக்கம். டாக்டர் வரைந்த படம் கண் முன்னால் வந்து நின்றது. ராத்திரி பத்து மணிக்கு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஒவ்வொரு வேகத்தடைக்கும் நான் தலையணையை அழுத்த, அவர் டிரைவரின் தோளை அழுத்தினார். டாப்ளர் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டி ஏதுமில்லை, வெறும் தசைப் பிடிப்பு. “இதுக்காகவா இந்நேரத்துல...” என்று நான் இழுக்க, ட்யூட்டி டாக்டர் பெண், “இதுக்கு மட்டும் எந்நேரம்னாலும் வரணும்” என்றாள். வீடு திரும்பும்வரை அவர் பேசவில்லை. அன்றைக்கு மொட்டை மாடிக்கும் போகவில்லை.

மூன்றாம் வாரம் உள்ளே நீர் கோத்து, அடிவயிறு தண்ணீர் பை மாதிரித் தளும்பியது. ஊசி போட்டு இரண்டு தடவை உறிஞ்சினார்கள். தொப்புளுக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் வலிக்கவே இல்லை! அதில் ஒரு ஆபத்தும் உண்டு. சுட்டாலும் தெரியாது. வெந்நீர்ப் பையும் சூடான குக்கரும் வயிற்றுப் பக்கமே வரக் கூடாது. ஐந்தாம் வாரம் ஆபீஸ் போனேன். ஆறு வாரம் வரை தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், அக்கா பேரன் எதையும் தூக்கவில்லை. வீக்கம் காலையில் இருக்காது, சாயங்காலம் வந்துவிடும். இப்படியே மூன்று மாசம்.

நாத்தனார் மகளுக்கு வைகாசியில் கல்யாணம். எப்படியோ விஷயம் தெரிந்து போன் பண்ணினாள். 55 கிலோ பெண்! “அத்தை, எனக்கும் இடுப்புல கொஞ்சம் எடுத்துடலாமா? இன்னும் ரெண்டு மாசம் இருக்கே?” நான் எதுவும் சொல்லவில்லை. மகளை விட்டு அந்தப் பால் நோட்டின் பின்பக்கத்தை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இதுவரை பதில் இல்லை.

தழும்பு சிவப்பிலிருந்து வெளுக்க ஒரு வருஷம் ஆகும் என்கிறார்கள். எனக்கு இது ஏழாவது மாசம். தினமும் அதன்மேல் தோல் நிறத்தில் மெல்லிசான சிலிகான் பட்டை ஒட்ட வேண்டும். கழுவி, நிழலில் உலர்த்தி, மறுபடி ஒட்டலாம். போன வாரம் மாமியார் அதைப் பால்கனிக் கொடியில் க்ளிப் போட்டு மாட்டியிருந்தார். முழ நீளத்துக்குக் காற்றில் ஆடிக் கொண்டிருந்ததை எதிர் வீட்டம்மா உற்றுப் பார்த்துவிட்டு, “என்னங்க அது... தோலா?” என்று கேட்டார்.

“எங்க மருமகளுதுதான்!” என்றார் மாமியார், சத்தமாக.

ஹெர்னியா கதை அன்றோடு சரி.