மதுரைக்குப் போகும் கட்டு

தஞ்சை மாவட்டத்துத் திருப்பனந்தாளுக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் மயிலாடுதுறை மாவட்டம் தொடங்கிவிடும். வடக்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர், கடலூர் மாவட்டங்கள். பெண் எடுப்பவர்களும் கொடுப்பவர்களும் இந்த எல்லைகளைப் பார்ப்பதில்லை. குத்தாலத்துப் பெண் இங்கே மருமகளாக வருவாள். இங்கிருந்து ஒருத்தி காட்டுமன்னார்கோயிலுக்குப் போவாள். வாழ்க்கை முறிந்து வழக்கு மேலே ஏறும்போதுதான் எல்லைக்கோடு கண்ணில் படுகிறது. தஞ்சை மாவட்ட வழக்குக்கு உயர் நீதிமன்றம் என்றால் 2004 ஜூலை 24 முதல் மதுரைக் கிளை. பக்கத்து மூன்று மாவட்டங்களுக்கும் சென்னை.

“பேசாமல் ஹைகோர்ட்டிலேயே கேஸ் போட்டுவிடலாமே” என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். குழந்தை யார் பொறுப்பில் இருப்பது என்ற வழக்கை உயர் நீதிமன்றத்தின் அசல் வழக்குப் பிரிவு நேரடியாக விசாரிக்கலாம் என்று ஐந்து நீதிபதிகள் அமர்வு சொன்னது உண்மைதான். அது சென்னைப் பட்டணத்தின் பழைய ஏற்பாடு. நம் பக்கத்து வழக்கமான வழி அதுவல்ல. விவாகரத்து, சேர்ந்து வாழக் கேட்கும் மனு, ஜீவனாம்சம் எல்லாம் கும்பகோணம், தஞ்சாவூர் நீதிமன்றங்களில்தான் பிறக்கின்றன. குழந்தையைத் தூக்கிப்போய் மறைத்துவிட்டால் போடும் ஆட்கொணர்வு மனு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகும்.

வழக்கை இடம் மாற்றக் கேட்கும் மனுவும் அப்படித்தான். கணவர் கும்பகோணத்தில் விவாகரத்து கேட்கிறார். மனைவி கைக்குழந்தையோடு மயிலாடுதுறையில் தாய்வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் பஸ் ஏற வேண்டும். தான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடும் உரிமையை மனைவிக்கு 2003ஆம் ஆண்டுத் திருத்தம் தந்தது. கணவர் போட்ட வழக்கை அவள் ஊருக்கு மாற்ற உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு இருக்கிறது. திருமண வழக்குகளில் மனைவியின் வசதியைத்தான் பொதுவாகப் பார்க்க வேண்டும் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மதுரையும் சென்னையும் ஒரே உயர் நீதிமன்றத்தின் இரண்டு இருக்கைகள் என்பதால் இதற்கு தில்லி போக வேண்டியதில்லை. மாலை சாத்தும்போது ஆடை நெகிழ, கையை எடுக்க முடியாமல் தவித்த தாடகை என்ற பக்தைக்காக இறைவனே தலை சாய்த்துக் கொடுத்தார் என்று சொல்லும் கோயில் இருக்கிற ஊர் திருப்பனந்தாள். பெண்ணின் சிரமத்தைப் பார்க்கும் இந்த நியாயம் இங்கே யாருக்கும் புதிதாக இருக்காது.

மேல்முறையீடுதான் பெரிய சங்கதி. தீர்ப்பு சொன்னது எந்த நீதிமன்றம் என்று முதலில் பாருங்கள். குடும்ப நல நீதிமன்றம் என்றால் நேரே உயர் நீதிமன்றம், இரண்டு நீதிபதிகள் அமர்வு. சப் கோர்ட் என்றால் முதலில் மாவட்ட நீதிமன்றம். கெடு, குடும்ப நீதிமன்றங்கள் சட்டப்படி 30 நாள். இந்து திருமணச் சட்டத்தின் 28ஆம் பிரிவில் 90 நாள். எது செல்லும் என்று வாதாடிக்கொண்டிராமல் 30 நாளுக்குள் போட்டுவிடுவதே நல்லது. மேல்முறையீடு இல்லாமல் கெடு முடிந்துவிட்டால் எதிர்த்தரப்பு மறுமணம் செய்துகொள்ளச் சட்டமே அனுமதிக்கிறது. அதன்பிறகு அப்பீல் போடப் போய் நிற்பது பரிதாபம்.

பலரும் மதுரையில் புதிதாக ஒரு விசாரணை நடக்கும், மனதில் உள்ளதை எல்லாம் நீதிபதியிடம் கொட்டிவிடலாம் என்று நம்பிப் போகிறார்கள். அங்கே பேசுவது கீழ் நீதிமன்றத்திலிருந்து வரும் வழக்குக் கட்டுதான். சாட்சிக் கூண்டில் சொன்னதும் காட்டிய ஆவணமும் அதில் இருந்தால் உண்டு. விட்டுப்போனதைப் பிறகு சேர்க்க அனுமதி கிடைப்பது அபூர்வம்.

நம் வயல்காட்டில் இது எப்படி இடிக்கிறது என்று சொல்கிறேன். ஜீவனாம்சம் கேட்டால், “எனக்கு நிலமே இல்லை” என்பார் கணவர். பட்டாவைப் பார்த்தால் அவர் பெயர் இருக்காது. மடத்து நிலத்தையோ கோயில் நிலத்தையோ குத்தகைக்கு எடுத்து குறுவையும் சம்பாவும் அடிக்கிற ஆள் அவர்! சொத்து, கடன் விவரத்தை இரு தரப்பும் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் – நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டது. அதில் விவசாயக் குடும்பங்களுக்கென்றே தனிப் படிவம் உண்டு. நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், குத்தகைக்கு எடுத்த நிலம் உண்டா, ஆடு மாடு எத்தனை என்று வரிவரியாகக் கேட்கும். அந்தப் படிவத்தைக் கேட்டு வாங்குங்கள். கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்குப் பணம் வங்கிக் கணக்கில்தான் ஏறுகிறது. அந்தக் கணக்கு விவரத்தையும் அடங்கலையும் வரவழைக்கக் கும்பகோணத்திலேயே மனுப் போடச் சொல்லுங்கள். கட்டில் அந்த இரண்டு தாள் இருந்தால் மதுரையில் வக்கீல் வாய் திறக்க முடியும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று நிற்கும் பெண்களை நினைத்தால்தான் மனசு கேட்பதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, இலவச சட்ட உதவிக்குப் பெண்களுக்கு வருமான வரம்பே வைக்கவில்லை. கும்பகோணத்தில் வட்டக் குழு இருக்கிறது. மதுரைக் கிளைக்கும் தனிக் குழு உண்டு. தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுவைப் போட்டுவிட்டு, ஊருக்கு பஸ் ஏறுவதற்குள் வட்டக் குழு அலுவலகத்துக்கும் ஒரு நடை போய்வரலாம்.