பக்கத்து வீட்டுக் கொலையை மறைத்த போலீஸ் அதிகாரி: மேலதிகாரிக்கே பொறி வைத்தார் கொலம்போ!

பக்கத்து வீட்டில் ஒரு பெண் கொலை. "அந்த வீட்டிலிருந்து ஒருவன் ஓடினான். நானே பார்த்தேன்" என்கிறார் அடுத்த வீட்டு போலீஸ் உயர் அதிகாரி. அவரே சொன்ன பிறகு யார் சந்தேகப்படுவார்கள்?

ஒரே ஒருவர் சந்தேகப்பட்டார். கசங்கிய மழைக்கோட்டும், கையில் சுருட்டுமாக வரும் துப்பறியும் லெப்டினண்டு கொலம்போ!

இது நிஜ வழக்கு அல்ல. அமெரிக்க டெலிவிஷன் கதை. 1974-ம் ஆண்டு மே மாதம் 5-ந்தேதி என்.பி.சி. டெலிவிஷனில் ஒளிபரப்பானது. பெயர் "ஏ பிரண்ட் இன் டீட்". ஆபத்தில் உதவுபவனே நண்பன் என்ற ஆங்கிலப் பழமொழியை லேசாகத் திருப்பிப் போட்ட தலைப்பு. அந்த நண்பர் செய்த உதவி என்ன தெரியுமா? கொலையை மறைத்ததுதான்.

கழுத்தை நெரித்தார்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் பணக்காரர்கள் வாழும் பகுதி பெல் ஏர். அங்கே குடியிருப்பவர் ஹியூ கால்டுவெல். ஒரு நாள் இரவு அவருக்கும் மனைவி ஜானிசுக்கும் தகராறு. ஆத்திரத்தில் மனைவியின் கழுத்தை நெரித்தார். பிணமாகச் சாய்ந்தாள்.

பதறிப்போன கால்டுவெல், கிளப்பில் இருந்த பக்கத்து வீட்டுக்காரர் மார்க் ஹால்பெரினைப் பார்த்து விஷயத்தைச் சொன்னார். ஹால்பெரின் சாமானியர் அல்ல. போலீஸ் துணை கமிஷனர்!

கைது செய்ய வேண்டியவர், "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்கிற தோரணையில் கிளம்பினார். அந்தப் பகுதியில் ஏற்கனவே திருட்டுகள் நடந்து வந்தன. அது வசதியாகப் போயிற்று. பிணம் கிடந்த வீட்டுக்குள் நுழைந்து, திருடன் புகுந்தது போல செட்டப் செய்தார். நகைகளையும் எடுத்துக்கொண்டார்.

குறித்த நேரத்தில் கால்டுவெல் கிளப்பிலிருந்து வீட்டுக்கு போன் செய்தார். மனைவியோடு பேசுவது போல நாலு பேர் காதில் விழப் பேசினார். மறுமுனையில் போனை எடுத்தது யார்? துணை கமிஷனரேதான்!

கைமாறு கேட்டார்

உதவி சும்மா வரவில்லை. ஹால்பெரினுக்கு சூதாட்டப் பழக்கம். சொத்து முழுவதும் மனைவி மார்கரெட்டுடையது. அந்த அம்மாள் நல்ல காரியங்களுக்கு வாரிக் கொடுப்பவர். சொத்து கரைவதை ஹால்பெரினால் பொறுக்க முடியவில்லை.

மனைவியைக் குளியல் தொட்டியில் அமுக்கிக் கொன்றார். பிறகு கால்டுவெல்லைப் பிடித்தார். "உனக்கு நான் உதவினேன், எனக்கு நீ உதவு" என்ற கணக்கு. மாட்டிக்கொண்ட மனிதரால் மறுக்க முடியுமா? திருடன் வேஷத்தில் வந்து, மார்கரெட்டின் உடலை நீச்சல் குளத்தில் தள்ளினார்.

அந்த நேரம் ஹால்பெரின் போலீஸ் ஹெலிகாப்டரில் மேலே பறந்துகொண்டிருந்தார். ஹெலிகாப்டர் இறங்கியதும் மனைவியைக் காப்பாற்றுவது போல குளத்தில் பாய்ந்தார். பார்த்தவர்கள் "அய்யோ பாவம்" என்றார்கள்.

தலையணைக்கு அடியில்

கொலம்போவுக்கு மட்டும் உறுத்தியது. முதல் உறுத்தல், ஜானிசின் இரவு உடை. படுக்கையில் தலையணைக்கு அடியில் ஒரு உடை தயாராக இருந்தது. அதை விட்டுவிட்டு பீரோவிலிருந்து வேறு உடையை ஏன் எடுத்தாள்? அவள் எடுக்கவில்லை. வீட்டு வழக்கம் தெரியாத யாரோ மாட்டிவிட்டிருக்கிறார்கள்.

இரண்டாவது, போன். கணவன் பேசினேன் என்கிறான். ஆனால் போனில் அவள் கைரேகை இல்லை.

மூன்றாவது துப்பு ஹால்பெரின் வீட்டிலேயே கிடைத்தது. மார்கரெட்டின் நுரையீரலில் இருந்த தண்ணீரில் சோப்பு கலந்திருந்தது. நீச்சல் குளத்தில் சோப்பு ஏது? அம்மாள் மூழ்கியது குளத்தில் அல்ல, குளியல் தொட்டியில்!

மேலதிகாரி ஆச்சே!

துப்பு கிடைத்து என்ன செய்வது? சந்தேகப்படுவது சொந்த இலாகாவின் பெரிய தலையை. "திருடனைப் பிடி" என்று உத்தரவு போடுபவரே அவர்தான். புகார் செய்யப் போனாலும் அவர் மேஜைக்குத்தான் போக வேண்டும். ஆபீசில் வேலை பார்க்கிற யாருக்கும் இந்தச் சங்கடம் புரியும்.

கொலம்போ எதிர்த்துப் பேசவில்லை. தலையைச் சொறிந்தார். சின்னச் சின்ன சந்தேகமாகக் கேட்டார். உள்ளுக்குள் பொறியைத் தயார் செய்தார்.

ஆர்ட்டி ஜெசப் என்று ஒரு பழைய திருட்டுப் புள்ளி. கொலம்போ சொன்னபடி அவன் கால்டுவெல்லைச் சந்தித்து, எல்லாம் தெரியும் என்று பணம் கேட்டு மிரட்டினான். விஷயம் ஹால்பெரினிடம் போனது. 2 கொலையையும் இவன் தலையில் கட்டிவிடலாம் என்று அவர் திட்டம் போட்டார். ஜெசப்பின் போலீஸ் பைலைப் புரட்டினார். முகவரி கிடைத்தது. திருட்டு நகைகளை அங்கே கொண்டுபோய் ஒளித்து வைத்தார்.

பிறகு போலீஸ் படையோடு சோதனைக்கு வந்தார். நகைகள் சிக்கின. அப்போதுதான் கொலம்போ வெடியைப் போட்டார். அது ஜெசப்பின் வீடே அல்ல. கொலம்போவே வாடகைக்கு எடுத்த வீடு! பைலில் முகவரியை மாற்றி வைத்தவரும் அவரே. அந்த முகவரியைப் பார்த்தவர் ஹால்பெரின் ஒருவர்தான். அப்படியானால் நகைகளை அங்கே வைத்தது யார்?

ஒற்றைக் கண்

கொலம்போவாக நடித்தவர் பீட்டர் பால்க். 3 வயதில் நோயால் வலது கண்ணை இழந்து, கண்ணாடிக் கண்ணோடு வாழ்ந்தவர். புகழ்பெற்ற அந்தக் கோட்டு அவருடைய சொந்தக் கோட்டு. 2011-ல் 83-வது வயதில் காலமானார். இந்தக் கதையை டைரக்ட் செய்தவர் அவருடைய நண்பரும் நடிகருமான பென் கசாரா. ஹால்பெரினாக நடித்தவர் ரிச்சர்ட் கைலி.

ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் இருவரும் உருவாக்கிய கொலம்போ கதைகளில் கொலைகாரன் யார் என்பது பெரும்பாலும் முதலிலேயே தெரிந்துவிடும். எப்படி மாட்டுகிறான் என்பதுதான் சுவை. இந்தக் கதையில் கூடுதலாக ஒரு பயமும் உண்டு. மாட்டாமலே போய்விடுவானோ?

மேலதிகாரி சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் கொலம்போவுக்கு ஒரு தொல்லையும் இல்லை. எவனோ ஒரு சில்லறைத் திருடன் 2 கொலைக்கும் கைதாகியிருப்பான். அவன் கதறினாலும் யார் நம்பியிருப்பார்கள்?