மார்கழி ஓட்டமும் வீட்டுக் கணக்கும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மரக்காணம் உப்பளங்களில் வேலை நின்றுவிடும். வெயிலும் காற்றும் சேர்ந்து நீரை ஆவியாக்கினால்தான் பாத்தியில் உப்பு விளையும். மழைநீர் தேங்கி, வானமும் மூடிக்கிடக்கும் நாள்களில் அதற்கு வழியில்லை. தை பிறந்து பாத்திகளைச் சீரமைக்கும் வரை உப்பளத்துக்கு ஓய்வுதான். ஆனால், மழை சற்றே விட்ட மார்கழியும் அதைத் தொடரும் தை மாதமும் இக்கடற்கரையில் ஓட்டப் பயிற்சிக்கு மிகவும் ஏற்ற காலமாகும்.

இதற்குக் காரணம் எளியது. நாம் ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் பெரும்பகுதி வெப்பமாகவே வெளிப்படுகிறது. வியர்வை ஆவியாவதன் மூலம் உடல் அந்த வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. கோடையில் கடலோரக் காற்று வெப்பமும் ஈரமும் மிகுந்து இருப்பதால் வியர்வை வழிந்தோடுமே தவிர, எளிதில் ஆவியாகாது. உடல் சூடேறி, இதயம் கூடுதலாக உழைக்க நேரிடும். மார்கழி அதிகாலையில் காற்றின் வெப்பநிலை குறைவாக இருப்பதால் அதே தொலைவைக் குறைந்த சிரமத்துடன் ஓட முடிகிறது. குளிர்கிறதே என்று தண்ணீர் குடிக்காமல் இருப்பது மட்டும் தவறு. ஈரக்காற்றில் வியர்வை இழப்பு மார்கழியிலும் உண்டு.

ஆகவேதான் சென்னை மாரத்தான் ஜனவரியில் நடைபெறுகிறது. மரக்காணத்துக்குத் தெற்கே, இதே விழுப்புரம் மாவட்டத்தைச் சேர்ந்த ஆரோவில்லில் 2008-இல் தொடங்கிய மாரத்தான் பிப்ரவரியில் நடத்தப்படுகிறது. வெற்றி தோல்வியை முன்னிறுத்தாமல் ஓட்டத்தின் மகிழ்ச்சிக்காகவே ஓடுவது என்பது அதன் தனிச்சிறப்பு. அதற்கு ஆயத்தமாகும் இளம் தந்தையர் பலரை மார்கழி விடியலில் எங்கள் பகுதிச் சாலைகளில் காண்கிறேன். இளம் தாய்மாரை அவ்வாறு காண்பது அரிது. ஏன் என்ற கேள்விக்கு விடை சாலையில் இல்லை, வீட்டுக்குள் இருக்கிறது.

குளிர்காலத்தில் வானிலை தாராளமாக இருக்கிறது, நேரம் சுருங்கிவிடுகிறது. மே, ஜூன் மாதங்களில் இங்கு ஏறத்தாழ 5.45 மணிக்கே சூரியன் உதித்துவிடும். ஜனவரியிலோ ஏறத்தாழ 6.30 மணியாகும். வெளிச்சம் வந்த பிறகுதான் ஓட வேண்டும் என்றால், ஒருவர் வீடு திரும்ப 7.15 மணியாகிவிடும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் உள்ள வீட்டில் மிகவும் பரபரப்பான வேளை அதுதான். பிள்ளைகளை எழுப்பி, குளிக்க வைத்து, காலை உணவு கொடுத்து, மதிய உணவைக் கட்டி அனுப்ப வேண்டும். டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு வருகிறது. வார இறுதியில் ஒரு பிள்ளைக்குக் கைப்பந்துப் பயிற்சி என்றால், மற்றொன்றுக்குக் கபடிப் போட்டி. பொங்கலையொட்டி ஊர்தோறும் விளையாட்டு விழா. அனைவரும் ஓட விரும்பும் காலத்தில்தான் அனைவருக்கும் நேரம் இல்லாமல் போகிறது.

பொருளாதாரத்தில் 'வாய்ப்புச் செலவு' என்றொரு கருத்து உண்டு. ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் கைவிடுகிற மற்றொன்றின் மதிப்பே அது. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கேரி பெக்கர் 1965-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையில் இக்கருத்தைக் குடும்பத்துக்குப் பொருத்திக் காட்டினார். குடும்பம் என்பது பொருள்களை வாங்கி நுகரும் இடம் மட்டுமன்று. சந்தையில் வாங்கியவற்றோடு தன் நேரத்தையும் சேர்த்து உணவு, உடல்நலம், பிள்ளை வளர்ப்பு ஆகியவற்றை உண்டாக்கும் ஒரு சிறு தொழிற்கூடமும் ஆகும் என்பது அவர் கருத்தின் சாரம். அவருக்கு 1992-இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கோணத்தில் பார்த்தால், காலை ஓட்டம் இலவசம் அன்று. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே செல்பவர் அதற்குரிய விலையைத் தாமே கொடுப்பதாக எண்ணுகிறார். அவர் இல்லாத முக்கால் மணி நேரத்தில் வீட்டில் இரட்டிப்பு வேலை பார்ப்பவரே அதன் பெரும்பகுதியைச் செலுத்துகிறார்.

இதை வகுப்பறையில் பல ஆண்டுகள் கற்பித்த நான், என் வீட்டில் கவனிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கல்லூரியில் பணியாற்றிய காலம் முழுவதும் காலை ஐந்தரை மணிக்கு நான் ஓடவோ நடக்கவோ சென்றுவிடுவேன். பேராசிரியருக்கு எத்தனை ஒழுங்கு என்று நண்பர்கள் பாராட்டியதில் எனக்குப் பெருமையும் உண்டு. பணி ஓய்வுக்குப் பிறகு, முழங்கால் வலிக்காக மனைவியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "தினமும் நடக்கிற பழக்கம் உண்டா?" என்று மருத்துவர் கேட்டார். "அந்த நேரத்தில்தான் இவர் நடக்கப் போயிருப்பாரே" என்றார் மனைவி. அதில் குறை கூறும் தொனி எதுவும் இல்லை. அதனாலேயே அந்த விடை என்னை உறுத்தியது.

இது என் வீட்டுக் கதை மட்டுமன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமற்ற வீட்டுப் பணிகளில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்களும் ஆண்கள் 88 நிமிடங்களும் செலவிடுகின்றனர். வேறுபாடு 201 நிமிடங்கள். அதாவது மூன்று மணி நேரத்துக்கும் மேல். 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் 2024-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் போதிய உடலியக்கம் இல்லாதோர் 2022-இல் ஆண்களில் ஏறத்தாழ 42 விழுக்காடு, பெண்களில் 57 விழுக்காடு என மதிப்பிட்டது. இவ்விரு வேறுபாடுகளையும் தனித்தனியாகப் பார்க்க முடியாது. வீட்டு வேலையில் உடல் அசைகிறதே என்பர் சிலர். சமையலறையில் நின்றபடி செய்யும் வேலை களைப்பைத் தருமே தவிர, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் வேண்டிய பயிற்சியைத் தந்துவிடாது.

இந்த மார்கழியில் என் மகளும் மருமகனும் இரு பிள்ளைகளுடன் எங்களோடு இருக்கின்றனர். ஆரோவில்லில் 21 கிலோமீட்டர் அரை மாரத்தான் ஓட வேண்டும் என்று மருமகன் திட்டமிட்டிருந்தார். மகளுக்கும் ஓட ஆசை, நேரம்தான் இல்லை. ஓர் இரவு அனைவரும் அமர்ந்து, வாரத்தின் ஏழு நாள்களையும் ஒரு தாளில் எழுதினோம். திங்கள், புதன் காலை மருமகனுக்கு; செவ்வாய், வியாழன் மகளுக்கு. ஒருவர் ஓடும் நாளில் மற்றவர் அடுப்பையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை பேத்தியின் கைப்பந்துப் பயிற்சி ஒரு மணி நேரம். வழக்கமாகப் பெற்றோர் மைதானத்தின் ஓரம் அமர்ந்து கைப்பேசியைப் பார்த்துக் கழிக்கும் அந்த நேரத்தில், மைதானத்தைச் சுற்றியே ஓடிவிடலாம். ஞாயிறு காலை பேரனை நான் கவனித்துக்கொள்ள, மனைவி தன் மருத்துவர் கூறியபடி மெதுவாக நடக்கத் தொடங்கியிருக்கிறார்.

இதற்கு ஒரு விலை உண்டு. அரை மாரத்தானுக்கு வேண்டிய பயிற்சி நேரம் மருமகனுக்குக் கிடைக்கவில்லை. அவர் 10 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மாறிக்கொண்டார். சற்று மனவருத்தத்துடன்தான், ஆனால் இம்முறை இருவர் ஓடப் போகின்றனர். நேரம் மிகுதியாக வேண்டுமே என்று அஞ்சவும் தேவையில்லை. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குப் பரிந்துரைப்பது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடலியக்கம் அல்லது 75 நிமிடத் தீவிர உடலியக்கம். ஓட்டம் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. 25 நிமிடம் வீதம் வாரத்தில் மூன்று நாள்கள் ஓடினால் போதும். பிள்ளைகளுக்கு நாள்தோறும் 60 நிமிடம் வேண்டும் என்கிறது அந்நிறுவனம். பெரியவர்களைவிடப் பிள்ளைகளின் தேவை மிகுதி என்பதால், அவர்களின் விளையாட்டைக் குறைத்து நம் ஓட்டத்துக்கு நேரம் தேடக் கூடாது. பாதுகாப்பிலும் சமரசம் கூடாது. பனிமூட்டம் உள்ள விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுவதைத் தவிர்த்து, ஊருக்குள் இருக்கும் தெருக்களையோ பள்ளி மைதானத்தையோ நாடுவதே அறிவுடைமை.

இவ்வளவும் மாதச் சம்பளம் வாங்கும் வீடுகளுக்குப் பொருந்தும். உப்பளத் தொழிலாளர் குடும்பங்களின் கணக்கு வேறு. அவர்களுக்கு மார்கழியில் நேரம் இருக்கிறது, வருமானம் இல்லை. மழைக்காலத்தில் வேலையிழக்கும் அக்குடும்பங்களுக்குத் தமிழக அரசு ரூ.5,000 நிவாரணம் வழங்குகிறது. தை முதல் வருமானம் வரத் தொடங்கும்; அப்போது நேரம் போய்விடும். 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே ஃபென்ஜால் புயல் கரையைக் கடந்தபோது இங்குள்ள உப்பளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய ஆண்டுகளில் ஓய்வுக்காலம் என்ற சொல்லே பொருளற்றது. பகலெல்லாம் வெயிலில் நின்று உப்பு வாரும் பெண்ணிடம் உடற்பயிற்சி செய்யுங்கள் என்று கூறுவது கேலியாகிவிடும். ஆனால், அவருடைய மகள் விளையாட ஒரு மைதானமும், மாலையில் அங்கு விளக்கும், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் கடமையிலிருந்து ஒரு மணி நேர விடுதலையும் வேண்டும். அரசுப் பள்ளி மைதானங்களைக் காலையிலும் மாலையிலும் பொறுப்பாளர் ஒருவரின் கண்காணிப்பில் ஊர் மக்களுக்குத் திறந்துவிட்டால், இவற்றில் முதல் இரண்டையாவது உள்ளாட்சி அமைப்புகளால் செய்ய இயலும்.

மூன்றாவதை வீடுதான் செய்ய வேண்டும். அடுத்த முறை காலையில் ஓடக் கிளம்பும் ஆண்கள், கதவைச் சாத்தும் முன் ஒரு கேள்வியைக் கேட்கலாம்: "நாளைக்கு உன் முறையா?" அந்தக் கேள்வியை முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நான் கேட்டிருக்க வேண்டும்.